ராணியின் இரண்டாம் குரல்

பூசை முடிந்து சனங்கள் கலைந்துபோன பிறகு, ஹட்டனில் எங்கள் வேதக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பெரிய மழை இல்லை. பேச்சை நிறுத்தினால் மட்டும் காதுக்கு எட்டுகிற மழை.

நான் கீபோர்டில் சுருதியைப் பிடித்தேன். நிஷாந்த கிட்டாரை மெல்ல மீட்டத் தொடங்கினான். கருணா தன் டிரம்மில் குச்சியின் நுனியால் மட்டும் தாளம் போட்டார். ராணி கழுத்தில் சுற்றியிருந்த நீலச் சால்வையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள்.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் குரல் மேலே ஏற வேண்டிய இடம். அங்கே சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. வாய் திறந்திருந்தது, உதடு சரியான சொல்லைச் சொன்னது, ஆனால் கேட்டது கூரை மழைதான்.

அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் அதே வரியைத் தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் காற்று.

கருணா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நிஷாந்த கிட்டாரின் கம்பியில் எதையோ சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

“கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க டீச்சர்” என்றாள் ராணி. “காலையில பனி ஜாஸ்தி. அதான்.”

ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து அன்றோடு ஆறு வாரம்.

ஒரு பஸ் நின்ற கதை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள் என்று தெரியும். கோயிலில் ஞாயிறுதோறும் கீபோர்ட் வாசிக்கிறேன் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் இசைக்குழுவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதினால் ராணியைப் பற்றி எழுத வேண்டும். ராணியைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் குழுவின் பெயர் ‘ஏழு மணி பஸ்’. கேட்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். மேடையில் அறிவிப்பாளர்கள் அதைச் சொல்லும்போது ஒருமுறை தாளைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்கு வரும் காலை ஏழு மணி பஸ் சில வருஷத்துக்கு முன் ஒருநாள் ஒரு வளைவில் நின்றுவிட்டது. நான் அப்போது அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து மாற்றம் கிடைத்து, கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சாரதி இறங்கி என்ஜினைத் திறந்தார். நடத்துனர் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். உள்ளே ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. மூச்சுப் பிடித்து, நீலம் பாரித்து, பிறகு பெரிதாக ஒன்று.

பின் ஆசனத்திலிருந்து ஒரு பெண் பாடத் தொடங்கினாள். தாலாட்டு இல்லை. அட்டையைப் பற்றிய பாட்டு.

“சொல்லாம ஏறுன அட்டையே – நீ
சொல்லிட்டு எறங்கக் கூடாதா”

பஸ்ஸில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற எல்லோருக்கும் அந்த விஷயம் தெரியும். அட்டை ஏறும்போதும் தெரியாது, இறங்கும்போதும் தெரியாது, இரத்தம் காலில் வழியும்போதுதான் தெரியும். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

நான் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் சிரிப்பு இல்லை. அந்தக் குரல் போன உயரம். பயிற்சி எடுத்தவர்கள் பயந்து பயந்து ஏறும் இடத்துக்கு அவள் சும்மா போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இறங்கினாள்.

கிட்டாரோடு வந்த ஒரு சிங்களப் பையன் – அப்போது அவனுக்கு இருபத்தைந்து இருக்கும் – உறையைத் திறந்து அவளுக்குச் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தான். அது நிஷாந்த. ஊர் கினிகத்தேனை. ஹட்டனில் ஒரு கடையில் கைத்தொலைபேசி திருத்துகிறவன். பஸ்ஸுக்கு வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தாளம் போட்டார். அது கருணா. தோட்டத்து ஃபேக்டரிக்குக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர்.

பஸ்ஸைச் சரிசெய்ய ஒன்றரை மணித்தியாலம் ஆனது. யாரும் சாரதியைத் திட்டவில்லை.

இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டேன்.

“செல்வராணிங்க. மலையில வேல. புள்ளைக்கு யூனிஃபோம் துணி எடுக்க லீவு போட்டுட்டு வந்தேன்.”

“யாருகிட்ட பாட்டு படிச்சீங்க?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “மலையில தூரமா நிக்கிறவங்கள வேற எப்படிங்க கூப்புடுறது?”

உப்பும் வெங்காயமும்

அந்த நான்கு பேரும் சேர்ந்து தொடங்கியதுதான் குழு. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு விழா. கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். கொத்மலையில் ஒரு கல்யாணத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் சமையல் கொட்டிலுக்குள் நின்று வாசித்தோம். புகையில் எனக்குக் கண் தெரியவில்லை. உடப்புசல்லாவையில் ஒரு திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் மைக்கை மறந்துவிட்டு வந்திருந்தார். ராணி மைக் இல்லாமலே பாடினாள். தோட்டத்துக் கடைசி லய வீடுகளில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

சிங்களப் பாட்டுகளை அவளுக்கு நிஷாந்த சொல்லிக்கொடுப்பான். அவள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்குவாள். கினிகத்தேனையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு சோகப் பாட்டு. நிஷாந்தவே எழுதியது. ‘என் கண்ணீரின் உப்பு’ என்று வரும் வரி. சிங்களத்தில் உப்பு ‘லுணு’. ராணி உருக்கமாக நீட்டி ‘லூணு’ என்று பாடினாள். அது வெங்காயம்.

வீடே சிரித்தது. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. உருக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நீட்டினாள்.

வேனில் திரும்பும்போது விஷயத்தைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நிஷாந்த சொன்னான்: “பரவால்ல அக்கா. வெங்காயத்துக்கும் கண்ணீர் வரும் தானே. நான்தான் தப்பா எழுதியிருக்கேன்.” அதற்குப் பிறகு அந்தப் பாட்டு வெங்காயத்தோடுதான் பாடப்படுகிறது.

மெல்ல மெல்ல ராணியின் சொந்தப் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டோம். காகிதம் பேனா வைத்து எழுதமாட்டாள். கொழுந்து பறிக்கும்போது மனசுக்குள் கட்டிக்கொண்டு வருவாள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு அவள் போய் நிற்கும் நேரத்தில் மகள் தனியாகப் பாடசாலைக்கு நடப்பாள். அப்போது பாதையை மூடுகிற பனியிடம் கேட்கிற பாட்டு.

“பனியே கொஞ்சம் வெலகிக்க
எம்மக போற பாதை தெரியட்டும்”

‘வெலகிக்க’ என்ற சொல்லில் குரல் மேலே போகும். எதிர்மலைக்குச் சத்தம் கொடுப்பதுபோல் போகும். எங்கள் குழுவை ஊர் அறிந்தது அந்த ஒரு சொல்லால்தான்.

மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காற்றாகப் போனதும் அதே சொல்தான்.

கழுத்தில் ஒரு கட்டி

கட்டியை முதலில் பார்த்தவள் அவளுடைய மகள். ராணி தலைவாரிக்கொள்ளும்போது பார்த்திருக்கிறாள். கண்டியில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனுஷர். படம் வரைந்து காட்டினார். கழுத்துச் சுரப்பி இங்கே, குரலுக்குப் போகிற நரம்பு இங்கே. நூல் மாதிரி. கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் மாறலாம், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும், சிலருக்கு முழுதாக வராது என்றார்.

ராணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்காட்டி என்ன ஆகும் டாக்டர்?”

எடுக்காமல் விடக்கூடிய கட்டி இல்லை என்றார்.

“அப்ப எடுத்துருங்க. எனக்குப் பொம்பளப் புள்ள இருக்கு.”

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்ததும் சொன்னாள், “டீச்சர், அந்த நரம்பு நூல் மாதிரின்னு சொன்னாரே. இவ்வளவு நாளா ஒரு நூலுலயா நான் கத்திக்கிட்டு இருந்தேன்?”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயப்படும்படி கட்டியில் ஒன்றும் இல்லை என்று சோதனையில் வந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிச்சம். பேச்சு கரகரப்பாக இருந்தது. அதுவும் போகப்போகச் சரியாகிவிட்டது. பாட்டு மட்டும் வரவில்லை.

நான் செய்த காரியம்

மண்டபத்தில் குரல் வராமல் போன அதே வாரம் அழைப்பு வந்தது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் வாவிக்கரையில் மேடை போடுகிறார்கள். நாடெங்கிலுமிருந்து சனம் வரும். உள்ளூர்க் குழுக்களுக்கும் ஒரு பின்னேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு முக்கால் மணித்தியாலம். சொந்தப் பாட்டுகளைப் பாடலாம் என்று ஒழுங்கு செய்தவர் சொன்னபோது, நான் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் சொல்லச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. வழக்கமாக நாலு பைலா ஆட்டப் பாட்டு, மூன்று சினிமாப் பாட்டு, கடைசியில் எல்லோரும் ஆட ஒன்று.

எட்டு வாரம் இருந்தது. ராணியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. “அதுக்குள்ள வந்துரும் டீச்சர்” என்றாள்.

அன்று பின்னேரமே, அவளுக்குத் தெரியாமல், கொத்மலைக்கு ஒரு அழைப்பு எடுத்தேன்.

ஷாலினி என்று ஒரு பெண். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முன்பு ஒரு கல்யாணத்தில் அவள் பாடிக் கேட்டிருக்கிறேன். தெளிந்த குரல், நல்ல ஞானம். “ஒரு அவசரத்துக்கு” என்றுதான் சொன்னேன். அவள் யாரையும் கேள்வி கேட்கிற பிள்ளை இல்லை. வந்தாள்.

புதன்கிழமைகளில் ஷாலினியோடு பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் ராணியோடு பயிற்சி. ஒரே மண்டபம், ஒரே பாட்டுகள்.

கருணா வாசித்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொள்வார். நிஷாந்த சொன்னான்.

“டீச்சர், ராணி அக்காவுக்குச் சொல்லுங்க.”

“சொல்றேன். இப்ப சொன்னா மனசு விட்டுருவாங்க.”

“அப்புறம் சொன்னா?”

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். குழு காப்பாற்றப்பட வேண்டும், மேடை மறுபடி வராது, ராணிக்குக் குரல் திரும்பிவிட்டால் ஷாலினிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். பாடசாலையில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் நான் அதை என்ன பெயர் சொல்லிக் கண்டித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை

ராணிக்கு அன்று ஹட்டனில் கிளினிக். எனக்கு அது நினைவில்லை.

ஷாலினி பனிப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரி சுத்தமாக ‘வெலகிக்க’ மேலே போனது. நான் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கியபோது கடைசி வாங்கில் ராணி உட்கார்ந்திருந்தாள். மடியில் மருந்துப் பை. பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டாள். எங்களுக்கும் நிறுத்தத் தைரியம் வரவில்லை. முடித்தோம்.

எழுந்து முன்னால் வந்தாள். நேரே ஷாலினியிடம் போனாள்.

“நல்லா பாடுறீங்க தங்கச்சி. ஒரே ஒரு எடம். ‘எம்மக’ன்னு சொல்றதுக்கு முன்னாடி மூச்சு எடுக்காதீங்க. அங்க மூச்சு எடுத்தா யாரோ ஒருத்தர் மகள்னு ஆயிரும்.”

ஷாலினி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் ஏதோ புரியத் தொடங்கியது.

பிறகு ராணி என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. போட முடியவும் இல்லை.

“எனக்குக் கழுத்துலதான் வெட்டுனாங்க டீச்சர். காதுல இல்ல. சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.”

சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தொலைபேசிக்கு மகள்தான் பதில் சொன்னாள். “அம்மா மலைக்குப் போயிட்டாங்க டீச்சர்” என்றாள், மலையில் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும்.

மடுவத்தில்

மூன்றாவது வாரம் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு எதிர்த் திசையில் நோட்டன் பிரிட்ஜுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள் வந்தன. பாலத்தைத் தாண்டியதும் ஒன்றும் நினைவில் இல்லை.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ராணி என்னைப் பார்த்துவிட்டாள். ஆனால் தன் முறை வந்து, கொழுந்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் வந்தாள். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, ஒரு ரொட்டியைப் பிய்த்து சம்பலோடு என் கையில் வைத்தாள். கோபமாக இருக்கிறவர்களிடம் ரொட்டி வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் செஞ்சது தப்பு ராணி” என்றேன். “குழுவுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிஜத்துல உங்க முகத்தப் பார்த்து அதச் சொல்லப் பயம். அவ்வளவுதான்.”

அவள் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள்.

“எனக்குக் குரல் வராதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னுதான் நெனச்சேன். பாட்டுத் தெரிஞ்சவங்க முடிவு பண்ணிட்டா அப்புறம் நான் என்னத்த நெனைக்கிறது?”

“நான் முடிவு பண்ணல.”

“பண்ணுனீங்க டீச்சர்.”

பண்ணியிருந்தேன். தலையாட்டினேன்.

அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் விஷயம் ஒன்றும் தெரியாமல், “ராணி, காலையில பாடுனியே, அத இன்னொருக்காப் பாடேன், இவளுக்குக் கேக்கலையாம்” என்றாள்.

நான் ராணியைப் பார்த்தேன்.

“சும்மா பாடுறதுதான்” என்றாள். “பக்கத்து நெரையில நிக்கிறவங்களுக்கு மட்டுந்தான் கேக்கும். முந்தி மாதிரி கூப்புட முடியாது.”

அவர்களுக்காகப் பாடினாள். அதே பனிப்பாட்டு. ஆனால் எங்கோ கீழே. மண்ணுக்குப் பக்கத்தில். அந்தக் குரலில் கொஞ்சம் மணல் இருந்தது. ‘வெலகிக்க’ மேலே போகவில்லை. ஒரு படி கீழே இறங்கி நின்றது. எதிர்மலைக்குக் கூப்பிட்ட சொல், இப்போது பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் தாழ்மையாகக் கேட்பதுபோல் இருந்தது. பனி என்பது பக்கத்தில் நிற்கிற விஷயம்தானே. அதை ஏன் இத்தனை வருஷம் நாங்கள் தூரத்திலிருந்து கூப்பிட்டோம்?

நான் வாய்க்குள் முனகிச் சுருதியைத் தேடினேன். எங்கள் பழைய சுருதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து கட்டைக்கும் மேலாக இறங்கியிருந்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் சங்கீத டீச்சர். சுருதியைக் கீழே இறக்குவது கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. ஆறு வாரம் கழித்துப் பாட வந்தவளுக்கு நான் அதைச் செய்யவில்லை. ஒருமுறை அரைக் கட்டை இறக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். இன்னும் இறக்கினால் பழைய குரல் போய்விட்டது என்று அவளிடம் சொல்வதாக ஆகிவிடும் என்று பயந்தேன். பழைய குரலுக்காக நான் காத்திருந்தேன். அவளோ அதற்கு முன்பே காத்திருப்பதை விட்டுவிட்டு, இருக்கிறதை வைத்துப் பாட ஆரம்பித்திருந்தாள்.

“ராணி, இதே மாதிரி மேடையில பாடுவீங்களா?”

“இது மேடைக்குப் பத்துமா டீச்சர்?”

“மைக் எதுக்கு இருக்கு?”

அவள் யோசித்தாள். “அந்தத் தங்கச்சியும் வரணும். வரச்சொல்லிட்டு வேணாம்னு அனுப்புறது நல்லா இல்ல. மேல உள்ள பாட்டெல்லாம் அது பாடட்டும். கீழ உள்ளத நான் பாத்துக்கிறேன்.”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கங்காணி விசில் ஊதிவிட்டார். நாலடி போய்த் திரும்பி, “இனிமே ஏதும்னா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

“சொல்றேன்.”

வாவிக்கரையில்

மிச்சமிருந்த மூன்று வாரமும் எல்லோரும் ஒன்றாகவே பயிற்சி செய்தோம். நிஷாந்த பாதிப் பாட்டுகளுக்கு விரல்களை மாற்றிப் பழகினான். கருணா குச்சியை வைத்துவிட்டுக் கையால் தட்டினார். ராணியின் குரலுக்கு அதுதான் பொருந்தியது. ஷாலினி முதலில் ராணிக்கு முன்னால் பாடவே கூச்சப்பட்டாள். ராணி அவளை விடவில்லை. “எனக்குப் பாவம் பாக்காதீங்க தங்கச்சி. எட்டுற எடத்துக்கு நல்லா எட்டுங்க” என்பாள்.

அந்தப் பின்னேரம் வாவிக்கரையில் நல்ல கூட்டம். கொழும்பிலிருந்து வந்த குடும்பங்கள், சோளம் விற்கிறவர்கள், குதிரையில் சவாரி போகும் பிள்ளைகள். தோட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ராணியின் மகள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். மலையிலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

ஷாலினி மூன்று பாட்டுப் பாடினாள். நல்ல கைதட்டல். பிறகு ராணி வந்தாள். கழுத்தில் சால்வை இல்லை. வேண்டாமென்று அவளே கழற்றி என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டாள்.

தொடங்கியபோது சனம் பேச்சை நிறுத்தவில்லை. பின்னால் யாரோ “சத்தம் போதாது” என்றார்கள். ஒலி பார்க்கிற தம்பி பொத்தான்களைத் திருகினார். சிலர் சோளக்காரர் பக்கம் நகர்ந்தார்கள். ராணி மைக்குக்கு இன்னும் ஒரு அடி கிட்டப் போனாள். உதடு மைக்கில் படுகிற அளவுக்கு. பிறகு ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் பாடினாள்.

இரண்டாவது சரணத்தில் குரல் அறுந்தது. நான் நினைத்துப் பயந்தது அதேதான். வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. அதை மைக் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தது.

ஷாலினிக்கு அந்த வரி தெரியும். அவள் எடுத்துப் பாடியிருக்கலாம். ராணியைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் ஞானத்தை நான் நிஜமாக மெச்சியது அந்த நிமிஷத்தில்தான்.

ராணி கையைத் தூக்கி எங்களை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். போத்தலை மூடினாள். மைக்கிடம் சொன்னாள்:

“கொஞ்சம் பொறுத்துக்கங்க. புதுத் தொண்டை. இன்னும் பழகல.”

நிஷாந்த தன் மைக்கில் அதைச் சிங்களத்தில் சொன்னான். முதலில் தமிழில் சிரித்தார்கள், பிறகு சிங்களத்தில் சிரித்தார்கள். சோளக்காரரிடம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிய இடத்தில் வாவிக்கரை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் அவள் அறுந்த வரியை மறுபடி எடுத்தாள்.

“பனியே கொஞ்சம் வெலகிக்க…”

பனி விலகியது என்று எழுதினால் யாரும் நம்பமாட்டீர்கள். விலகவில்லை. இன்னும் நன்றாக இறங்கி முன்வரிசையையே மூடியது. ஆனால் பாட்டு முடியும்வரை யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு கைதட்டல் வந்தது. யாரையும் பார்க்க முடியாமல், பனிக்குள்ளிருந்து சத்தமாக மட்டும் வந்தது. கருணா தலையைக் குனிந்து, முகத்திலிருந்து எதையோ தட்டிவிடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் ஸ்வெட்டர் போட்ட ஒரு சிங்கள அம்மா ராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ வேகமாகச் சொன்னார். ராணிக்குப் பாதிதான் புரிந்தது. நிஷாந்த மொழிபெயர்த்தான்: “அவங்க மகளும் தூரத்துல படிக்கிறாளாம். பாட்டு வெளங்கலையாம். ஆனா வெளங்கிச்சாம்.”

இப்போது

அதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ராணியின் குரல் இரண்டு கட்டை மேலே வந்திருக்கிறது. அதற்குமேல் வராது போலிருக்கிறது என்றார் டாக்டர். “அது போதும்” என்றாள் அவள். ஷாலினி எங்களோடுதான் இருக்கிறாள். ஐந்து பேருக்கு வேன் நெருக்கடியாக இருக்கிறது. ‘கீழ்க் குரல் அக்கா பாடுவாங்கதானே’ என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ராணி மூன்று புதுப் பாட்டுக் கட்டியிருக்கிறாள். மூன்றும் இந்தக் குரலுக்கென்றே கட்டியவை. ஷாலினியால் அவற்றைப் பாட முடியவில்லை. கீழே எட்டவில்லை.

போன மாதம் மண்டபத்தில் நிஷாந்த ஒரு பழைய கைத்தொலைபேசியைத் திருத்திக்கொண்டிருந்தான். எங்கள் குழுவினுடையது. உயிர் வந்ததும் அதிலிருந்து பாட்டு ஒன்று தானாக ஓடத் தொடங்கியது. உடப்புசல்லாவையில் மைக் இல்லாமல் பாடிய பாட்டு. பழைய ராணி. உயரத்தில், பயமில்லாமல், திருவிழா இரைச்சலுக்கு மேலே.

நிஷாந்த அவசரமாக நிறுத்தப் போனான். ராணி அவன் கையைப் பிடித்தாள்.

“விடுங்க தம்பி. கேப்போம்.”

முழுப் பாட்டையும் கேட்டாள். கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து ஷாலினியைக் கேட்டபோது எப்படிக் கேட்டாளோ அப்படியே, ஒரு சொல் விடாமல் கேட்டாள். நாங்கள் யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

முடிந்ததும் சொன்னாள். “நல்லாத்தான் பாடியிருக்கா. ஆனா ரொம்ப அவசரம். எங்கயோ போகணும்கிற மாதிரி.”

கைத்தொலைபேசியை நிஷாந்தவிடம் கொடுத்துவிட்டு எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சரி டீச்சர்” என்றாள். “இப்ப என் சுருதிய வைங்க.”